பழுதில்லாத கேம் ஏன் அலுக்கிறது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ஒரு வருடம் பொறுத்திருந்து, விலை பாதிக்கு இறங்கிய நாளில் பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம் (விரும்பிய பக்கம் சுற்றித் திரியவிடும் கேம்) ஒன்றை வாங்கியிருக்கிறார். ட்ரெயிலர் அபாரம். விமர்சகர்கள் 100க்கு 70க்கு மேல் போட்டிருக்கிறார்கள். இடையில் நின்றுபோகிறது, தானாக மூடிக்கொள்கிறது என்ற முறைப்பாடு எதுவும் இல்லை. ஆனாலும் 10 மணித்தியாலம் விளையாடியபின் அதைத் திறக்கவே மனம் வரவில்லையாம். "பிழை லேப்டொப்பிலா, லைனிலா, கேமிலா, இல்லை எனக்குத்தான் வயது போய்விட்டதா?" என்று முடித்திருக்கிறார்.

மோசமான கேமை யாரும் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடலாம். சுமாரான கேம் வீட்டுக்குள் புகுந்த கள்ளன் மாதிரி: உள்ளே இருக்கிறான் என்று தெரியும், எந்த அறையில் என்று தெரியாது. அதனால் அறை அறையாகத்தான் தேட வேண்டும். தேடும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படம் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் ஓடும். கேமில் நீங்கள் பட்டனை அழுத்துவது ஒரு கேள்வி, திரையில் நடப்பது அதற்குப் பதில். பதில் பிந்தி வந்தாலும் அலுக்கும், பொய்யாக வந்தாலும் அலுக்கும், எதைக் கேட்டாலும் ஒரே பதில் வந்தாலும் அலுக்கும், காசு வைத்தால்தான் பதில் என்றாலும் அலுக்கும்.

முதலில் மெஷினையும் இன்டர்நெட் லைனையும் விலக்கிக்கொள்வோம். இவை இரண்டும் கேமின் பிழை போலவே வேஷம் போடக்கூடியவை. ஒரு செக்கனுக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) வரவேண்டுமானால் ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லிசெக்கனுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 பிரேமுக்கு 33.3. பலரும் மூலையில் தெரியும் சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். சராசரி 55 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இடையில் ஒரு பிரேம் 80 மில்லிசெக்கன் எடுத்தால் அந்த இடறலைக் கை உணர்ந்துவிடும். எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு பிரேம் நேரத்தைக் கோடாக வரையவிடுங்கள். கோடு தட்டையாக இருந்தால் 40 பிரேம்கூட இதமாக இருக்கும். பல்லுப் பல்லாக நின்றால் 70 பிரேமும் எரிச்சல் தரும்.

இடறல் வந்தால் அதே தெருவில் இரண்டாம் தடவையும் போய்ப் பாருங்கள். முதல் தடவை மட்டும் இடறி, இரண்டாம் தடவை வழுக்கிக்கொண்டு போனால் அது ஷேடர் தொகுக்கும் இடறல். வெடி, புகை, தண்ணீர் என்று புதிதாக ஒன்று திரைக்கு வரும் கணத்தில்தான் கிராபிக்ஸ் கார்டுக்கான கட்டளைகளை (ஷேடர் என்பது இவைதான்) கேம் தயாரிக்கிறது. முன்கூட்டியே செய்துவைக்காதது தயாரிப்பாளரின் சோம்பல், ஆனால் அது தானாகத் தணியும். ஒவ்வொரு தடவையும் அதே மூலையில் இடறினால் அடுத்த பகுதியை டிஸ்கிலிருந்து இழுப்பதில்தான் சிக்கல். பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டிருந்தால் கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்டியிலும் அப்படியே என்றால் குற்றம் கேமினுடையது. இடமும் நேரமும் இல்லாமல் கண்டபடி இடறினால் பின்னால் ஓடும் அப்டேட், வைரஸ் ஸ்கேன் போன்றவற்றைத் தேடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு நோய் உண்டு: சூடு. முதல் 15 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பிரேம் படிப்படியாக விழுந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அறையே 34 பாகையைத் தொடும்போது லேப்டொப்புக்குள் போகும் 'குளிர்' காற்றும் அதே 34 பாகைதான். புரொசெஸர் 95 முதல் 100 பாகைக்கு வந்ததும் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடற்காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடிக்கும். விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் இடையில் கம்பளி மாதிரி ஒரு படலம் இப்படித்தான் உருவாகிறது. வெளியிலிருந்து புளோவர் பிடித்தால் அந்தப் படலம் இன்னும் இறுகும். அடித்தட்டைக் கழற்றி, விசிறியை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு, இதழின் உட்பக்கத்தைத் தூரிகையால் துடைக்க வேண்டும். புரொசெஸரின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு பயறளவு போதும். பின்பக்கத்தை 2 சென்ரிமீற்றர் உயர்த்தி வைப்பதும், பிரேமுக்கு உச்சவரம்பு போடுவதும் காசில்லாத வைத்தியம். செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும் சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரைக்கு வரம்பு 30 அல்லது 60ஆக இருக்கட்டும். அதில் வி-சிங் (பிரேமைத் திரையின் தாளத்தோடு பூட்டும் தெரிவு) போட்டு 40 வைத்தால் ஒரு பிரேம் 16.7, அடுத்தது 33.3 என்று நொண்டும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 சரியாகப் பொருந்தும், ஒவ்வொன்றும் 25 மில்லிசெக்கன்.

இன்னும் இரண்டு விடயம் சட்டென்று சரிபார்க்கலாம். லேப்டொப்பில் 8 ஜிபி ராம் ஒற்றைக் கட்டையாக மாட்டியிருந்தால் நினைவகப் பாதை பாதி அகலத்தில்தான் திறந்திருக்கும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினில் இரண்டாவது கட்டை போட்டதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரெசலூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, 720க்கு இறக்கிப் பாருங்கள். பிரேம் நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் திணறுகிறது என்று பொருள், அசையாமல் நின்றால் புரொசெஸர்.

ரிவியில் மாட்டி விளையாடுகிறவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. பட்டனை அழுத்தியதிலிருந்து திரை மாறும்வரை 60 பிரேம் கேம்களில் 50 முதல் 80 மில்லிசெக்கன் போவது வழக்கம். 30 பிரேம் கேம்களில் 100ஐத் தாண்டுவது சாதாரணம். ரிவி படத்தை மெருகூட்டுகிறேன் என்று அதன்மேல் இன்னும் 50, 100 சேர்க்கும். கேம் மோட் என்ற தெரிவைப் போட்டால் அந்த மெருகூட்டல் நிற்கும். 'கதாபாத்திரம் சேற்றில் நடக்கிற மாதிரி இருக்கு' என்று திட்டு வாங்கிய பல கேம்கள் இந்த ஒரு தெரிவில் பிழைத்திருக்கின்றன.

ஒன்லைன் என்றால் லைனையும் பார்க்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்ப ஒவ்வொரு 100 கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 1 மில்லிசெக்கன் எடுக்கும். திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீற்றர். அப்படியானால் 26 மில்லிசெக்கனுக்குக் கீழே பிங் (தரவு சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) வர இயற்கையே விடாது. அதுவும் நேர்கோட்டில் போனால்தான். உலகம் புகழ்கிற துறைமுகம் இங்கே இருந்தாலும் கடலடிக் கேபிள்கள் ஏறுவது கொழும்பு, மாத்தறைப் பக்கம்தான், ஆகவே நமது தரவு முதலில் நாட்டைக் குறுக்கே கடந்து போகிறது. பிங் 80இல் அசையாமல் நின்றால் பழகிவிடலாம். 50க்கும் 150க்கும் இடையில் துள்ளினால் எந்தக் கேமும் கெட்டுப்போகும். அந்தத் துள்ளலுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு அறை தள்ளி இருக்கும் ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும்தான். ஒரு லான் வயர் இழுத்தால் உடனே தெரிந்துவிடும். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்தேன் என்பது எப்போதும் கள்ள விளையாட்டின் அடையாளம் இல்லை. சுட்டவரின் திரையில் அந்தக் கணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்களோ, சேர்வர் அதுவரை பின்னோக்கிப் போய்த் தீர்ப்புச் சொல்கிறது. தூரத்திலிருந்து விளையாடுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள அந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் அலுக்கிறது என்றால் இனிக் கேமுக்குள் போகலாம். இதுவரை சொன்னவை அளந்து பார்க்கக்கூடியவை. இனிமேல் வருவதில் பாதி அளக்கலாம், மீதி ரசனை. எது எது என்று இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அளக்கக்கூடியதில் முதலாவது கைக்குக் கிடைக்கும் பதில். பாய்ந்து பாய்ந்து முன்னேறும் நல்ல பிளட்போர்ம் கேம்களில் பள்ளத்தின் விளிம்பைக் கால் தாண்டிய பிறகும் சுமார் 0.1 செக்கனுக்குப் பாய அனுமதிப்பார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பாயும் பட்டனை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்து, தொட்டவுடன் பாயவிடுவார்கள். 2018இல் வந்த செலஸ்டேயில் இவை இரண்டும் உண்டு; தலை ஒரு மூலையில் இலேசாக முட்டினால் ஆளைப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே விடும் தந்திரமும் உண்டு. அவ்வளவு கடினமான கேமில் விழுந்தவர் 'என் பிழை' என்று சொல்லித் திரும்பவும் முயல்வதற்கு இந்த மறைவான தயவுதான் காரணம். இதற்கு நேர் எதிர் 1982இல் அட்டாரி 2600 கேம் பெட்டிக்கு வந்த ஈ.ரி. என்ற கேம். ஹோவார்ட் ஸ்கொட் வார்ஷோ என்ற ஒரே புரோகிராமர் அதை ஏறக்குறைய 5 வாரத்தில் எழுதி முடித்தார். அதில் குழியின் ஓரத்தில் உடலின் ஒரு புள்ளி பட்டாலே போதும், ஆள் குழிக்குள் விழுந்துவிடுவார், கால் எங்கே இருந்தாலும் சரி. ஏறி வந்தால் மறுபடியும் அதே குழி. விற்காமல் போன கசெட்டுகளை 1983இல் நியூ மெக்சிகோவில் குப்பையோடு புதைத்ததும் 2014இல் தோண்டி எடுத்ததும் எல்லோரும் சொல்லும் கதை. விளையாடினவனுக்குக் குழிதான் ஞாபகம் இருக்கும்.

வாள் வீச்சு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பட்டனை அழுத்தியதும் கை பின்னுக்குப் போக சில பிரேம், வெட்டு உயிரோடு இருக்கும் சில பிரேம், கை பழைய நிலைக்கு வரச் சில பிரேம். வெட்டுப் பட்ட கணத்தில் இருவரையும் 4, 5 பிரேம் அப்படியே உறையவைப்பார்கள். கண் அதை 'நின்றது' என்று காணாது, மணிக்கட்டு 'கனமாகப் பட்டது' என்று உணரும். சத்தம் அதே பிரேமில் விழ வேண்டும். எதிரி பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். கை திரும்பி வருவதற்குள் எதிரி வாளை ஓங்கினால், உங்கள் அசைவை இடையில் முறித்து விலக ஒரு வாசல் இருக்க வேண்டும். சுமாரான கேமில் வாள் வடிவாக இருக்கும், அசைவும் வடிவாக இருக்கும், ஆனால் உறைதல் இல்லை, சத்தம் இரண்டு பிரேம் பிந்தும், எதிரி எங்கே பட்டாலும் ஒரே மாதிரி முக்குவான், அவன் தலைக்கு மேலிருக்கும் சிவப்புக் கோடு மட்டும் குறையும். வெட்டினது மனிதனையா, அரிசி மூட்டையையா என்ற சந்தேகம் வரும். ட்ரெயிலரில் இது தெரியவே தெரியாது. ட்ரெயிலர் கண்ணுக்குச் செய்தது.

இதிலும் ஒரு ஐயத்துக்கு இடம் வைக்க வேண்டும். 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வேண்டுமென்றே மந்தமாக நகரும். ஆள் குனிந்து, கை நீட்டி, பொருளை எடுத்து, பைக்குள் வைப்பது முழுவதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்காகவே அதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு, அதற்காகவே கைவிட்டவர்களும் உண்டு. இரு பகுதியும் பிழை சொல்லவில்லை. மந்தம் அந்த உலகத்தின் நடையோடு ஒத்துப்போகிறதா, இல்லை கவனக்குறைவா என்று மட்டும் பார்க்கலாம். ஒத்துப்போனாலும் உங்களுக்குப் பிடிக்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

பொய்யான பதிலுக்கு வருவோம். 2013இல் வெளியான ஏலியன்ஸ்: கொலோனியல் மரைன்ஸில் எதிரிகள் மடையர்கள் மாதிரி நேரே ஓடிவந்து சுடுபடுவார்கள். அமைப்புக் கோப்பு ஒன்றில் 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு 'ஏ' கூடிவிட்டதால், அவற்றின் நடமாட்டத்தை வழிநடத்த வேண்டிய பகுதி இணைக்கப்படாமலே கிடந்தது 2018இல்தான் பரவலாகத் தெரியவந்தது. அந்த ஓரெழுத்தை நீக்கியதும் எதிரிகள் பக்கவாட்டில் சுற்றி வரத் தொடங்கின. அந்தக் கேமின் எல்லாக் குறைக்கும் அந்த எழுத்தே காரணம் என்று சொல்வது மிகைதான். ஆனால் எதிரிக்கு மூளை இல்லை என்பது எப்படிக் கேமை உள்ளிருந்து தின்னும் என்பதற்கு நல்ல சாட்சி. ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லாத எதிரியிடம் தந்திரம் யோசித்து என்ன பயன்?

இன்னொரு வகைப் பொய் வளர்ச்சியில் இருக்கிறது. 2006இல் வந்த ஒப்ளிவியனில் நீங்கள் பலமடையப் பலமடைய உலகமும் கூடவே பலமடையும். கடைசியில் வழிப்பறிக்காரன் ஒருவன் ஆயிரக்கணக்கில் விலைபோகும் கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்து உங்களிடம் 100 பொற்காசு கேட்பான். அருமையான கேம்தான், இன்றைக்கும் விளையாடுகிறார்கள். ஆனால் 20 மணித்தியால உழைப்புக்குப் பிறகும் அதே சண்டை அதே அளவு நேரம் எடுத்தால், எண்கள் ஏறினவே ஒழிய நீங்கள் ஏறவில்லை என்று மனம் கணக்குப் பார்த்துவிடும். உங்கள் கேமில் இதைச் சோதிக்கலாம். தொடக்க ஊருக்குத் திரும்பிப் போய் முதல் நாள் உங்களைத் திணறடித்த எதிரியோடு மோதுங்கள். அவன் இப்போதும் அதே நேரம் தாக்குப்பிடித்தால் அலுப்புக்கு ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது.

ஆனால் உங்கள் விவரிப்பைப் பார்த்தால் (பழுதில்லை, வடிவாக இருக்கிறது, 10 மணித்தியாலத்தில் அலுத்துவிட்டது) பெரும் சந்தேகம் ஒரே பதிலின் மேல்தான். வரைபடத்தில் 100 முகாம் இருக்கிறது, அவை 4 வகைதான் என்றால், ஒவ்வொரு வகையையும் 25 தடவை செய்யப்போகிறீர்கள். ஐந்தாவது தடவையில் கைக்கு விளங்கிவிடும். மிச்சம் 20 தடவையும் வேலை. 2016இல் வந்த நோ மான்ஸ் ஸ்கையில் 2இன் 64ஆம் அடுக்கு எண்ணிக்கையான கோள்கள் இருந்தன, 18க்குப் பின்னால் 18 பூச்சியம் போடுமளவு. வந்த புதிதில் பத்துக் கோளைப் பார்த்தவர்கள் பதினோராவதை ஊகித்துவிட்டார்கள். எண்ணிக்கையைக் கம்பியூட்டர் விதிமுறை உற்பத்தி செய்யும். வித்தியாசத்தை மனிதன் உட்கார்ந்து யோசித்தால்தான் உண்டு.

யோசித்துச் செய்த வழி எப்படி இருக்கும் என்று காண வெகுதூரம் போகத் தேவையில்லை. கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு நடந்து பாருங்கள். வாசலில் வழி ஒடுங்கி இருட்டுகிறது, தாண்டியதும் மர நிழலில் மான் கூட்டம். பிறகு ஏற்றம், மூச்சு வாங்கும் இடத்தில் கடைகள், ஒரு திருப்பத்தில் கோபுரம் தலைகாட்டுகிறது, கடைசியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் விளிம்பில் காலடியில் திடீரென்று கடல். கால் மணித்தியால நடைதான். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் கண்ணுக்கும் காலுக்கும் வேறொன்று கிடைக்கிறது, அடுத்தது என்ன என்று ஒரு இழுப்பும் இருக்கிறது. அந்த வழிக்கு மேலே ஒரு அம்புக்குறியைத் தொங்கவிட்டு, 'கோயில் 640 மீற்றர்' என்று எழுதி, மூலையில் வட்ட வரைபடம் ஒன்றையும் வைத்தால் என்ன நடக்கும்? பார்வை வட்டத்திலேயே நிற்கும், மானைக் கண்டேன் என்று பிறகு யாராவது சொன்னால்தான் தெரியும். ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் பாதி இப்படித்தான் தங்களைத் தாங்களே மறைத்துக்கொள்கின்றன.

மறைப்பதும் சில இடங்களில் கலைதான் என்பதற்கு நம் ஊர்ப் பொடியள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2004இல் வந்த ஜிடிஏ சான் அன்ட்ரியாஸில் தூரத்தை ஒரு மங்கலான புகை மூடியிருக்கும். பழைய மெஷினால் அவ்வளவு தூரம் வரைய முடியாததற்காகப் போட்டது. ஆனால் அந்தப் புகைக்குப் பின்னால் ஒரு மாகாணமே இருக்கிறது என்று நம்பினோம். 2021 நவம்பரில் புதுப்பித்து வெளியிட்டபோது புகையை எடுத்துவிட்டார்கள். மலை உச்சியில் ஏறி நின்றால் நகரங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் பொம்மை வீடுகளாகத் தெரிந்தன. ஒரு நகரத்தையும் இடம் மாற்றவில்லை, உலகம் சுருங்கிவிட்டது. படம் துல்லியமாவதும் கேம் நன்றாவதும் ஒன்றில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

காசு கேட்கும் பதிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பட்டதுதான். ஆனால் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 2012இல் வந்த டயாப்லோ 3இல் எதிரியைக் கொன்றால் ஆயுதம் விழும், அந்த எதிர்பார்ப்புத்தான் முழுக் கேமும். கூடவே ஏலச் சந்தை ஒன்றையும் வைத்தார்கள். நல்ல ஆயுதம் சந்தையில் கிடைக்கும் என்றானதும் எதிரியைக் கொல்வதற்கு அர்த்தம் போய்விட்டது. 2014 மார்ச்சில் சந்தையை இழுத்து மூடினார்கள். ஏமாற்று எதுவும் நடக்கவில்லை, ஆட்களைக் கவரவென்று வைத்த வசதியே அடிவேரை அறுத்தது. உங்கள் கேமின் கடையில் அனுபவப் புள்ளியை இரட்டிப்பாக்கும் பொருள் விற்பனைக்கு இருந்தால், நடுப்பகுதி ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டுப் பார்ப்பது நியாயம்தான். நீட்டியது விற்பதற்காகத்தான் என்று வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது, சந்தேகிக்கலாம், அவ்வளவுதான்.

கெட்டிக்காரர்கள் சேர்ந்து செய்தும் ஏன் சுமாராக முடிகிறது என்பதும் அப்படித்தான், உள்ளே இருந்தவர்கள் சொன்னதை வைத்தே பேசலாம். 2010இல் தோற்ற ஃபைனல் ஃபான்டசி 14 என்ற ஒன்லைன் கேமைப் பொறுப்பேற்றுத் திருத்திய நவோகி யோஷிதா பிறகு சொன்ன விளக்கத்தில் ஒரு பூச்சாடி வரும்: விளையாடுபவரின் கதாபாத்திரத்துக்கு எவ்வளவு பொலிகன் (உருவத்தைக் கட்டும் சிறு முகத்துண்டு) செலவாகுமோ அவ்வளவு அந்த ஒரு பூச்சாடிக்கும் செலவிட்டிருந்தார்களாம். திரையில் ஆட்கள் 20 பேருக்குமேல் நிற்க இடமில்லாமல் போனதற்கு இப்படியான பூச்சாடிகளும் காரணம். எல்லாரும் தம் வேலையை அழகாகச் செய்கிறார்கள், எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்க ஒருவரும் இல்லை. மீன்பிடி ஒன்று, சமையல் ஒன்று, ஆயுதம் செய்வது ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போய், எதுவும் மோசமில்லை, எதற்காகவும் யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்ற இடத்தில் கேம் வந்து நிற்கும்.

அப்டேட் வரட்டும் என்று காத்திருக்கலாமா? எந்த வகைக் குறை என்பதைப் பொறுத்தது. தொழில்நுட்பக் குறை திருந்தும். ஜிடிஏ ஒன்லைன் கம்பியூட்டரில் திறக்க 6 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. 10 மெகாபைட் அளவிலான ஒரு பொருட்பட்டியலை மிக மந்தமான முறையில் வாசித்ததே காரணம் என்று 2021இல் வெளியாள் ஒருவர் கண்டுபிடித்து நேரத்தை ஏறக்குறைய 70 வீதம் குறைத்துக்காட்டினார். கம்பனியும் ஏற்று அவருக்கு 10,000 டொலர் கொடுத்தது. சைபர்பங்க் 2077 வந்த வேகத்தில், 2020 டிசம்பரிலேயே பிளேஸ்டேஷன் கடையிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜூனில் திரும்பி, 2023 செப்டெம்பர் அப்டேட்டோடு முற்றிலும் வேறு மதிப்புக்கு வந்தது. அடிப்படைச் சுழற்சியே அலுப்பாக இருந்தால் திருந்துவது அபூர்வம். ஃபைனல் ஃபான்டசி 14ஐ ஏறக்குறைய புதிதாகக் கட்டி 2013இல் மறுபடி வெளியிட்டார்கள், அவ்வளவு காசும் பிடிவாதமும் எல்லோரிடமும் இருக்காது. 2019இல் வந்த ஆந்தம் என்ற கேமைத் திருத்தி எழுதும் வேலையை 2021இல் கைவிட்டார்கள். ஒழுங்காக ஓடியும் தோற்கலாம்: 2024 ஓகஸ்டில் வந்த கொன்கோர்ட் என்ற கேமில் பெரிய தொழில்நுட்பப் பழுது இல்லை, இரண்டு வாரத்தில் மூடிக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். விலையா, பாத்திரங்களா, ஏற்கெனவே இலவசமாக நிறைய இருந்ததா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது.

ஆகவே உங்கள் 10 மணித்தியாலக் கேமுக்கு அப்டேட்டை நம்பிக் காத்திருக்கச் சொல்லமாட்டேன். வீசிவிடுமுன் ஒரு மாலை இப்படிச் செய்து பாருங்கள். மூலை வரைபடத்தையும் அம்புக்குறியையும் தெரிவுகளில் நிறுத்துங்கள். பக்கவேலைகளை மறந்து கதையை மட்டும் பின்தொடருங்கள். எதிரிகள் எத்தனை குண்டு பட்டாலும் சாகாமல் நின்றால் கடினத்தை ஒருபடி இறக்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல கேம்களில் கடினம் கூட்டுவது என்றால் எதிரியின் உயிரைக் கூட்டுவது மட்டும்தான். ஒரே இருப்பில் ஒரு மணித்தியாலத்துக்குமேல் போகவேண்டாம். அதற்கும் மனம் இளகவில்லையானால் அழித்துவிடுங்கள், 80 ஜிபியாவது மிஞ்சும். ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குள் என்றால்தான் காசு திரும்பும், உங்களுக்கு அந்த எல்லை தாண்டிவிட்டது. அடுத்த தடவை அந்த 2 மணித்தியாலத்தை அறிமுகக் காட்சி பார்க்கச் செலவிடாமல் சண்டை, நடை, ஓட்டம் மூன்றையும் சோதிக்கச் செலவிடுங்கள். ஷேடர் தொகுத்து முடியும்வரை முகப்பில் காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயது போய்விட்டதா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் அளவுகோல் இல்லை, ஆனால் சோதனை இருக்கிறது. முன்பு விரும்பிய பழைய கேம் ஒன்றைப் போட்டு ஒரு மணித்தியாலம் விளையாடுங்கள். நேரம் போனதே தெரியவில்லை என்றால் நீங்கள் அப்படியேதான் இருக்கிறீர்கள். அதுவும் அலுத்தால் கொஞ்ச நாளைக்கு மெஷினை மூடிவைத்துவிட்டு, தூக்கத்தையும் வேலை நேரத்தையும் ஒருக்கால் பாருங்கள். இரண்டில் எதுவானாலும் கேமின் பெயரையும், தொடங்கியபோதும் 20 நிமிடம் கழித்தும் பிரேம் எவ்வளவு என்பதையும், அதே தெருவில் இரண்டாம் தடவையும் இடறியதா என்பதையும் எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.